வெண்புள்ளி வந்த தொட்டி: உப்பா, சூடா, பிரிப்பதா?

மழைத்தூறல்:
இரண்டடித் தொட்டி, ஏறக்குறைய 50 லிட்டர் தண்ணீர். 2 கோல்டு ஃபிஷ், 4 மோலி ஓராண்டாக நலமாக இருந்தன. போன ஞாயிறு 3 க்ளௌன் லோச் வாங்கி அன்றே உள்ளே விட்டேன். இன்று எல்லா மீன்களின் மேலும் ரவை ஒட்டியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். ஒரு லோச் இறந்துவிட்டது. என்ன செய்யலாம்?

பழைய தொட்டிக்காரர்:
வெண்புள்ளி நோய்தான், தம்பி. மழைக்காலத்தில் தண்ணீர் குளிர்ந்தால் வரும். புள்ளி அதிகமுள்ள மீன்களைப் பக்கெட்டுக்கு மாற்றுங்கள். தொட்டியில் லிட்டருக்கு 3 கிராம் கல்லுப்பு போட்டு, ஹீட்டரை 30 டிகிரியில் வையுங்கள். பல ஆண்டுகளாக இதைத்தான் செய்கிறேன்.

தெளிநீர்:
ஐயா, இந்தத் தொட்டிக்கு அது பொருந்தாது. கண்ணுக்குத் தெரியும் புள்ளிக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை உப்பும் மருந்தும் தொடாது. அது உதிர்ந்து, கூழாங்கல்லில் ஒட்டிக் கூடு கட்டி, நூற்றுக்கணக்கில் பெருகி நீந்தி வரும்போதுதான் சாகும். நான்கு மீன்களை வெளியே எடுத்தாலும் தொட்டியில் நோய் அப்படியேதான் இருக்கும்.

அடுத்தது உப்பு. மோலிக்கு உப்பு பிடிக்கும், கோல்டு ஃபிஷ் தாங்கும். லோச்சின் செதில்கள் மிகச் சிறியவை. உப்பையும் மருந்தையும் மற்ற மீன்களைப்போல் அது தாங்காது. சூடு லோச்சுக்கு நல்லது, அது சுமத்ரா, போர்னியோ ஆறுகளின் மீன். கோல்டு ஃபிஷ்ஷுக்கோ அது தண்டனை. ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு நஞ்சாகும்படி மீன்களைச் சேர்த்திருக்கிறோம்.

பழைய தொட்டிக்காரர்:
தண்டனை என்பது மிகை. சென்னையில் மே மாதம் என் தொட்டி 31 டிகிரியைத் தொடுகிறது. கோல்டு ஃபிஷ் உயிரோடுதான் இருக்கிறது.

தெளிநீர்:
நலமான மீன் தாங்கும். இந்த ஒட்டுண்ணி செவுளையும் தாக்குகிறது. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். செவுள் புண்ணான மீனிடம் அந்தக் குறைந்த காற்றில் வாழச் சொல்கிறீர்கள். என் கோல்டு ஃபிஷ் ஒன்று அப்படித்தான் நீர்மட்டத்தில் வாய் பிளந்து கிடந்து இறந்தது. இன்றும் மனம் ஆறவில்லை.

மழைத்தூறல், கோல்டு ஃபிஷ் இரண்டையும் பெரிய டப்புக்கு மாற்றி, லிட்டருக்கு 3 கிராம் உப்பை இரண்டு நாளில் பிரித்துப் போடுங்கள். தினமும் அடியைத் துடைத்துப் பாதித் தண்ணீர் மாற்றுங்கள். மாற்றும் தண்ணீருக்கும் அதே அளவு உப்பு வேண்டும். தொட்டியில் உப்பு வேண்டாம். அங்கே சூட்டை நாளுக்கு ஓரிரு டிகிரியாக ஏற்றி 30இல் நிறுத்துங்கள். ஏர் பம்ப் இரவும் ஓடட்டும். புள்ளி மறைந்த பிறகும் பத்து நாள் தொடருங்கள்.

பழைய தொட்டிக்காரர்:
டப் யோசனை சரி. தொட்டியில் உப்பே கூடாது என்பதை மட்டும் ஏற்கமாட்டேன். லிட்டருக்கு 1 கிராமை என் லோச்சுகள் தாங்கியிருக்கின்றன. ஆனால் புது மீனை அன்றே விட்டது பெரிய பிழை. இரண்டு வாரம் தனியே வைத்திருக்க வேண்டும்.

மழைத்தூறல்:
கடையில் யாரும் சொல்லவில்லை. சூடு மட்டும் போதுமா?

தெளிநீர்:
ஐந்து நாளில் புள்ளி குறையாவிட்டால் மருந்துக்குப் போகலாம், லோச்சுக்காகப் பாதி அளவில். இன்னொன்று: க்ளௌன் லோச் ஓரடி வளரும், கூட்டமாக வாழும். குணமானதும் பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மழைத்தூறல்:
டப் தயார். ஹீட்டர் 27இல் இருக்கிறது. கோல்டு ஃபிஷ் இரண்டும் மாறிவிட்டன.