மகளும் நானும் சேர்ந்தே கயாக் கற்கலாமா? பூவார் காயலை முன்வைத்து ஒரு விவாதம்

பாறசாலை அப்பா

எல்லோருக்கும் வணக்கம். களியக்காவிளையைத் தாண்டி பாறசாலையில் குடியிருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது. டிசம்பர் விடுமுறையில் கேரளத்துப் பூவார் காயலில் அவளும் நானும் சேர்ந்து கயாக் (துடுப்பால் ஓட்டும் சின்னப் படகு) ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறோம். இதுவரை இரண்டு பேருமே துடுப்பைத் தொட்டதில்லை. எனக்கு ஆற்றில் நீந்திப் பழக்கம். அவள் நீச்சல் குளத்தில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போவாள்.

மைத்துனர் கடுமையாக எதிர்க்கிறார். "முதலில் நீ மட்டும் போய்ப் படி. கை பழகட்டும். அப்புறம் பிள்ளையைக் கூட்டிப் போ" என்கிறார். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. பிள்ளைகளின் கண்ணுக்கு நாம் எப்போதும் எல்லாம் தெரிந்தவர்களாகவே இருந்துவிடுகிறோம். கணக்கு, சைக்கிள், ஆங்கிலம் எல்லாவற்றிலும் நாம் சொல்கிறோம், அவர்கள் கேட்கிறார்கள். ஒன்றும் தெரியாத அப்பா தண்ணீரில் விழுந்து, எழுந்து, மறுபடி ஏறுவதை அவள் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

தூத்தூர் கடலோடி

தம்பி, உங்கள் மைத்துனர் சொல்வதுதான் சரி. தெரியாத இரண்டு பேர் ஒரே வள்ளத்தில் ஏறக்கூடாது. எங்கள் ஊரில் முதன்முதலாகக் கடலுக்குப் போகிற பையனைத் தெரிந்த ஆட்களுக்கு நடுவில்தான் உட்கார வைப்போம். அவனுடைய அப்பனும் அன்றைக்குத்தான் கற்றுக்கொள்கிறான் என்றால் அந்த வள்ளத்தைத் தள்ளவே விடமாட்டோம்.

கயாக் கவிழ்ந்தால் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? மூக்கில் ஏறிய தண்ணீரைத் துப்புவீர்கள். பிள்ளை எந்தப் பக்கம் விழுந்தாள் என்று தேடுவது அதற்கு அப்புறம்தான். எல்லா மனிதனுக்கும் அப்படித்தான். பழகினவனுக்கு மட்டும் அந்த இடைவெளி குறையும்.

இன்னொன்று. பூவாரைக் காயல் என்று லேசாக எண்ண வேண்டாம். நெய்யாறு கடலில் சேரும் இடம் அது. பொழி, அதாவது ஆறு கடலில் சேரும் மணல் வாய், மூடியிருக்கும் நாளில் தண்ணீர் அசையாமல் கிடக்கும். திறந்துவிட்டால் ஆற்றுத் தண்ணீர் கடலை நோக்கிப் பாயும், வேலியிறக்கமும் (கடல் நீர் வற்றும் நேரம்) அதோடு சேர்ந்தால் துடுப்புக்கு அடங்காது. மணல்திட்டில் நின்று பார்க்கிறவனுக்கு அந்த இழுப்பு தெரியாது.

கொல்லங்கோடு டீச்சர்

கடலோடி அண்ணன் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் "முதலில் பெரியவர் படிக்கட்டும்" என்ற பேச்சு வீட்டில் எங்கே போய் முடிகிறது என்று பெண்களுக்குத் தெரியும். அப்பா படிப்பார். அண்ணன் படிப்பான். பெண் பிள்ளைக்கு "அடுத்த லீவில் பார்க்கலாம்" என்பார்கள். அந்த அடுத்த லீவு வருவதற்குள் அவள் வயதுக்கு வந்துவிடுவாள். அத்தோடு தண்ணீர் முடிந்தது. ஆறும் கால்வாயும் குளமும் கடலும் சுற்றி இருக்கிற ஊரில் நீந்தத் தெரியாத பெண்கள் இத்தனை பேர் இருப்பது இப்படித்தான். நானும் அவர்களில் ஒருத்தி. எங்கள் காலத்தில் ஆற்றுப் படித்துறை சாயங்காலம் ஆண்களுக்கு என்றே இருந்தது.

ஒன்பது வயதில் அப்பாவே வா என்று அழைக்கிறார். இது எல்லா வீட்டிலும் நடப்பதில்லை. தள்ளிப்போட வேண்டாம் என்பதே என் வாதம். உலக சுகாதார அமைப்பும் ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நீச்சலும் தண்ணீரில் பாதுகாப்பாக இருக்கும் முறைகளும் கற்றுக்கொடுக்கச் சொல்கிறது. தண்ணீரிலிருந்து விலக்கி வைப்பதால் பிள்ளைக்குப் பாதுகாப்பு வந்துவிடாது.

திருவனந்தபுரத்துக் கோவளத்தைப் பாருங்கள். 2005இலிருந்து அங்கே ஓர் அலைச்சறுக்கு (சர்ஃபிங்) மன்றம் உள்ளூர்ப் பிள்ளைகளைக் கடலில் இறக்குகிறது. பள்ளிக்கூடம் போகாதவர்களுக்குப் பலகை கிடையாது என்பது அவர்கள் விதி. அங்கே வளர்ந்த ரமேஷ் புதிஹால் 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மா பலகை ஏறிப் பழகிவிட்டா மகனை அனுப்பினார்கள்?

தூத்தூர் கடலோடி

டீச்சர், பெண் பிள்ளை தண்ணீருக்கு வரவேண்டும் என்பதில் எனக்கு ஒரு தடையும் இல்லை. நல்லது, வரட்டும். கோவளத்துப் பிள்ளைகள் கடற்கரையிலேயே பிறந்து, வருஷம் முழுக்க அதே கடலைப் பார்க்கிறவர்கள். அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர்கள் தெரிந்தவர்கள். விடுமுறைக்கு வந்து ஏறுகிற ஒரு குடும்பத்துக்கு அந்த உதாரணம் பொருந்தாது.

மலப்புறம் மாவட்டத்துத் தானூரை மறக்க வேண்டாம். 2023 மே 7. மீன்பிடி வள்ளத்தைச் சுற்றுலாப் படகாக மாற்றி, ஏற்றக்கூடாத அளவுக்கு ஆள் ஏற்றி, இருட்டின பிறகு ஓட்டினார்கள். 22 பேர் இறந்துபோனார்கள், அதில் பலர் குழந்தைகள். 2009இல் தேக்கடியில் 45 பேர். இரண்டுமே அமைதியான தண்ணீர். ஒரு அலை கூடக் கிடையாது.

நீச்சல் பயிற்சியாளர், நாகர்கோவில்

தானூரும் தேக்கடியும் பெரிய படகு விபத்துகள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியது, லைஃப் ஜாக்கெட் போடாதது, ஆட்கள் ஒரே பக்கம் நகர்ந்தது என்று அவற்றின் காரணங்கள் வேறு. கயாக்கில் கவிழ்வது விபத்தே இல்லை, பயிற்சியில் முதல் பாடமே அதுதான். இடுப்பளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்த்து, மறுபடி ஏறிப் பழக்கிய பிறகுதான் நல்ல பயிற்றுநர் துடுப்பைக் கையில் கொடுப்பார். அதைச் செய்யாமல் பணம் வாங்கியவுடன் தள்ளிவிடுகிற இடம் என்றால் அங்கிருந்தே திரும்பி வந்துவிடுங்கள்.

கேட்டவருக்குச் சில விஷயங்கள். உள்ளே காலை நுழைத்து உட்காரும் வகை வேண்டாம். மேலே உட்கார்ந்து ஓட்டும் பிளாஸ்டிக் கயாக் போதும். அதில் தண்ணீர் தேங்காது, ஓட்டை வழியாக வடிந்துவிடும், கவிழ்ந்தால் யாரும் உள்ளே மாட்டிக்கொள்ள மாட்டார்கள். இரண்டு பேர் கயாக்கில் பிள்ளை முன்னால், நீங்கள் பின்னால். அப்போதுதான் அவள் எப்போதும் உங்கள் கண்ணில் இருப்பாள். திருப்பும் பொறுப்பும் பின்னால் இருப்பவருக்கே.

லைஃப் ஜாக்கெட்டில்தான் நம் பக்கம் எல்லோரும் அலட்சியமாக இருக்கிறோம். பெரியவர்களுடையதைப் பிள்ளைக்கு மாட்டிக் கயிற்றை இழுத்துக் கட்டுவார்கள். அது வேலைக்கு ஆகாது. பிள்ளையின் எடைக்கு ஏற்றது வேண்டும். தொடைகளுக்கு நடுவே பட்டை இருக்க வேண்டும். போட்டுவிட்டு இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் தண்ணீரிலும் அப்படித்தான் ஏறும், பிள்ளை அடியில் நழுவிவிடும். ஜாக்கெட்டில் நியூட்டன் கணக்கு (மிதக்க வைக்கும் விசையின் அளவு) எழுதியிருக்கும். 50 என்பது நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கான மிதப்பு உதவி, மயங்கினால் முகத்தை மேலே திருப்பாது. பிள்ளைக்கு 100 கேளுங்கள்.

பாறசாலை அப்பா

இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை, நன்றி. 50, 100 என்ற வித்தியாசமே எனக்குப் புதிது.

கடலோடி அண்ணே, ஒன்று கேட்கிறேன். நான் தனியாகப் போய்ப் பழகி வந்தால் அவளைக் காப்பாற்றும் அளவுக்குத் தேறிவிடுவேனா? விடுமுறையில் சில வகுப்பு போனவனுக்கு "எனக்குத் தெரியும்" என்ற தைரியம் வரும், திறமை வராது. அந்தத் தைரியத்தோடு பிள்ளையைத் தனியாக நடுக்காயலுக்குக் கூட்டிப் போவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டு பேரும் மாணவர்கள் என்றால் காப்பாற்றும் பொறுப்பு பயிற்றுநருக்குத்தான் என்பது முதல் நிமிஷத்திலேயே தெளிவாகிவிடுகிறது.

பாலக்காட்டுத் தமிழன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எல்லோரும் மூழ்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள். கேரளத்தில் பிள்ளையோடு நன்னீரில் இறங்குகிறவர்கள் அமீபாவையும் நினைக்க வேண்டும். மூளைக்காய்ச்சல் தரும் அந்த அமீபா வெதுவெதுப்பான, தேங்கிய நன்னீரில் இருக்கும். தண்ணீர் மூக்குக்குள் வேகமாக ஏறும்போது உள்ளே போகும். குடித்தால் வராது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கும் தொற்றாது. ஆனால் வந்தால் உலக அளவில் பிழைத்தவர்கள் மிகக் குறைவு. 2024இல் கோழிக்கோடு பக்கம் ஒரு பதினான்கு வயதுப் பையன் பிழைத்ததை நாடே செய்தியாகப் பேசியது.

அதனால் கவிழ்ந்து பழகுவதைக் குளத்திலோ தேங்கிய குட்டையிலோ வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் பக்கம். குளோரின் சரியாகப் போட்ட நீச்சல் குளத்தில் செய்யுங்கள். கடல் நீரில் அது வாழாது. மழைக்கால ஆற்றுத் தண்ணீரில் எலிக்காய்ச்சலும் உண்டு, காலில் புண் இருந்தால் இறங்கவே கூடாது. பிள்ளைக்கு மூக்குக் கிளிப் வாங்கிவிடுங்கள். விலை குறைவு.

தூத்தூர் கடலோடி

பாறசாலைத் தம்பி கேட்டதற்கு வருகிறேன். பயிற்றுநர் ஒருவர், மாணவர் இரண்டு பேர், கவிழ்ந்தது இரண்டு பேரும் என்றால் அவர் யாரைப் பிடிப்பார்? பிள்ளையைத்தான், சந்தேகமில்லை. அப்போது உங்களை யார் பிடிப்பது? "எனக்கு நீந்தத் தெரியும்" என்பீர்கள். ஆற்றில் நீந்தின ஆட்களும் கடலோரத்தில் மூழ்கிப் போகிறார்கள். 2017இல் ஒக்கி புயல் வந்தபோது கடலிலேயே வாழ்ந்த எங்கள் ஆட்கள் எத்தனை பேர் திரும்பவில்லை.

அதனால் என் நிபந்தனையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் தண்ணீரில் இருக்கும்போது, தண்ணீருக்குள் இறங்காத மூன்றாவது ஆள் ஒருவர் கரையில் நிற்க வேண்டும். போட்டோ எடுக்க இல்லை. போனைப் பையில் வைத்துவிட்டு, பிள்ளையின் தலையை மட்டும் பார்த்துக்கொண்டு. மூழ்குகிற பிள்ளை கத்தாது, கையும் ஆட்டாது. வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும்போது கத்த மூச்சு ஏது? பார்த்துக்கொண்டே இருக்கிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

கடலில் என்றால் இப்போதும் வேண்டாம் என்பேன். அதுவும் ஏப்ரல், மே விடுமுறையில் வேண்டவே வேண்டாம். கள்ளக்கடல் வருவது பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். இங்கே காற்று இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். தெற்கே எங்கோ நடுச்சமுத்திரத்தில் கிளம்பின அலை திடீரென்று கரையில் ஏறும். 2024 மே 6 அன்று நம் கணபதிபுரம் பக்கம் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்துபோனது அப்படித்தான். எச்சரிக்கை முன்னாலேயே கொடுத்திருந்தார்கள்.

கொல்லங்கோடு டீச்சர்

மூன்றாவது ஆள் என்பதை நான் முழுக்க ஏற்கிறேன். ஆனால் அது அம்மாதான் என்று யாரும் தானாக முடிவு செய்துவிட வேண்டாம். அப்பாவும் மகளும் தண்ணீரில், அம்மா துண்டோடு கரையில் என்பதுதான் நாம் எப்போதும் பார்க்கிற காட்சி. மைத்துனர் நிற்கட்டும். இவ்வளவு கவலைப்படுகிறவர் நன்றாகவே பார்த்துக்கொள்வார். அம்மாவும் ஒரு ஜாக்கெட் மாட்டட்டும்.

பெண்கள் இறங்குவதென்றால் உடையைப் பற்றி ஒரு வார்த்தை. சுடிதார் துப்பட்டாவோடு கயாக் ஏறியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜாக்கெட் பட்டையில் துப்பட்டா சுற்றிக்கொள்ளும், பருத்தித் துணி நனைந்தால் கனக்கும். முழுக்கைச் சட்டை, முழு நீள லெகிங்ஸ், இரண்டும் நைலான் துணியில் இருந்தால் நீச்சலுக்கும் சரி, வெயிலுக்கும் சரி.

இன்னொரு ஆதங்கம். திருவிதாங்கூர் காலத்தில் வெட்டிய ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டன்) கால்வாய் பூவாரிலிருந்து எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. இப்போது பல இடத்தில் மண் மூடி, குப்பை நிறைந்து கிடக்கிறது. அதைத் தூர் வாரினால் நம் பிள்ளைகள் எல்லை கடந்து போய்ப் பணம் கட்ட வேண்டியதே இல்லை. அலை இல்லாத ஆழமற்ற தண்ணீர் வீட்டு வாசலிலேயே இருந்திருக்கும்.

நீச்சல் பயிற்சியாளர், நாகர்கோவில்

ஏ.வி.எம். கால்வாய் பற்றி டீச்சர் சொன்னது நூற்றுக்கு நூறு.

கடலோடி அண்ணனின் பயத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். முதல் சில வகுப்பில் அப்பாவும் மகளும் ஒரே கயாக்கில் ஏற வேண்டாம். மகள் பயிற்றுநரோடு ஏறட்டும், அப்பா தனிக் கயாக்கில் பக்கத்திலேயே வரட்டும். சேர்ந்து கற்றுக்கொண்டதாகவும் இருக்கும், தெரியாத இரண்டு பேர் ஒரே வள்ளத்தில் இல்லை என்றும் ஆகும். பிள்ளைகளுக்கு அப்பா பின்னால் உட்கார்ந்தால் பேச்சுதான் காதில் விழும். "இடது, இடது, வேகமா" என்று நாம் கத்தாமல் இருக்க மாட்டோம். பயிற்றுநர் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

பாறசாலை அப்பா

தனித்தனிக் கயாக் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மகளிடம் சொன்னேன், "அப்போ நான்தான் முதல்ல கரைக்கு வருவேன்" என்கிறாள்.

மைத்துனரிடமும் பேசிவிட்டேன். கரையில் நிற்கச் சம்மதம், ஆனால் ஜாக்கெட்டைத் தூக்கிப் பார்க்கும் சோதனையை அவரேதான் செய்வாராம். மனைவி இன்னும் யோசிக்கிறாள்.

தூத்தூர் கடலோடி

தனி வள்ளம், தெரிந்த ஆளோடு பிள்ளை, கரையில் ஒரு ஆள் என்றால் காயலுக்குச் சரி, போய் வாருங்கள். இரண்டு பேரும் ஒரே கயாக்கில் ஏறுவதற்கு நான் இன்னும் எதிர்ப்புதான்.

காலை வெயில் ஏறும் முன் இறங்குங்கள். பத்து மணிக்கு மேல் கடற்காற்று எடுக்கும், விடுமுறை நாளில் விசைப்படகுகளும் வரிசையாக ஓட ஆரம்பிக்கும், அவை கிளப்பும் அலையே சின்னக் கயாக்கைப் புரட்டப் போதும். பொழிப் பக்கம் போகாமல் கண்டல் (அலையாத்தி) காடு இருக்கும் உள்பக்கமாகவே இருங்கள். பொழி திறந்திருக்கிறதா என்று முந்தின நாள் அங்குள்ள வள்ளக்காரர்களிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். திறந்திருந்தால் அந்த வாரம் வேண்டாம்.