உதவி தேவை: பிரிகாம் சிட்டி கூட்டுறவுத் தொழில்கள், தமிழ்க் கலைச்சொற்கள்

வணக்கம். அமெரிக்காவின் யூட்டாவில் மார்மன் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகள் பிரிகாம் சிட்டியில் நடத்திய கூட்டுறவுத் தொழில்கள் பற்றி ஒரு கட்டுரை தயாராகிறது. இரண்டு இடங்களில் உங்கள் உதவி வேண்டும்.

முதலாவது, தோல் பதனிடும் பட்டறை. மார்மன் தலைவர் லொரென்சோ ஸ்னோ தலைமையில் 1864-இல் கூட்டுறவுச் சங்கத்தை ஒரு கடையாகத்தான் ஆரம்பித்தார்கள். அந்த லாபத்தைக் கொண்டு தோல் பதனிடுதல், கம்பளி ஆலை, பால்பண்ணை என்று வளர்த்தார்கள். தோல் இருந்ததால்தான் செருப்புப் பட்டறையும் சேணப் பட்டறையும் ஓடின. மரப்பட்டைச் சாற்றால் பதனிடும் அந்தக் காலத்து முறையில் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு முடி நீக்கி, சதை வழித்து, சுண்ணாம்பு போகக் கழுவி, பிறகு பட்டைச் சாற்றில் இறக்குவார்கள். முதலில் நீர்த்த சாறு, போகப்போகக் கெட்டியானது. அவசரப்பட்டுக் கெட்டிச் சாற்றில் போட்டால் மேல்பரப்பு மட்டும் பதமாகி இறுகிவிடும். உள்ளே சாறு இறங்காது, நடுவில் பச்சைத்தோல் கோடு நிற்கும். இந்தக் குறைக்கும், ஒவ்வொரு தொட்டிக்கும் ஆம்பூர், இராணிப்பேட்டை பக்கம் ஆவாரம்பட்டையில் வேலை செய்தவர்கள் என்ன பெயர் சொல்வார்கள்?

இரண்டாவது, கூலிச் சீட்டு. ரொக்கம் அரிது என்பதால் கூலியில் பெரும்பங்கு சங்கக் கடையில் செல்லும் அச்சிட்ட சீட்டு. 1877 டிசம்பரில் கம்பளி ஆலை எரிந்தது. அடுத்ததாக அந்தச் சீட்டுக்கு 10 சதவீத மத்திய வரி விழுந்தது. சங்கம் நிமிரவே இல்லை. (நெருப்பைவிட வரிதான் பெரிய அடி என்பது நம் கணிப்பு.) ‘டோக்கன்’ என்று எழுதினால் ரேஷன் கடை ஞாபகம் வருகிறது. தேயிலைத் தோட்டங்களில் இதற்குப் பழைய சொல் இருந்தால், எந்த ஊர் வழக்கு என்பதோடு கீழே எழுதுங்கள்.