புதுப்பிப்பு: மகனின் ஐஇபி (சிறப்புத் தேவையுள்ள மாணவருக்கான தனிக் கல்வித் திட்டம்) கூட்டம் முடிந்தது

ஆட்டிசம் உள்ள என் மகனுக்கு (இங்கே அமெரிக்காவில் மூன்றாம் வகுப்பு) பேச்சுப் பயிற்சி நேரத்தைப் பள்ளி பாதியாகக் குறைக்கப் பார்க்கிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். பதில் சொன்ன அத்தனை பேருக்கும் மனமார்ந்த நன்றி.

"எதையும் எழுத்தில் கேளுங்க" என்று ஒரு அக்கா சொன்னதுதான் கை கொடுத்தது. ஐடியா (IDEA) என்ற அமெரிக்கச் சிறப்புக் கல்விச் சட்டப்படி, சேவையை மாற்றுவதற்கு முன்பே பள்ளி காரணத்தையும் ஆதாரத்தையும் எழுத்தில் தர வேண்டும். மின்னஞ்சலில் கேட்டேன். "நல்ல முன்னேற்றம்" என்று ஒற்றை வரி வந்தது.

கூட்டத்தில் பழைய இலக்கை வாசிக்கச் சொன்னேன்: "சக மாணவர்களுடன் உரையாடலை மேம்படுத்துவான்." இதை எப்படி அளந்தீர்கள்? யாரிடமும் பதில் இல்லை. அங்கேயே மாற்றி எழுதினோம்: இடைவேளையில், பெரியவர்கள் தூண்டாமல், 5 வாய்ப்புகளில் 4 முறை தானாகப் பேச்சைத் தொடங்குவான். இப்போதைய நிலை, ஐந்தில் ஒன்று. அதை எழுதிய பிறகு நேரத்தைக் குறைக்கும் பேச்சே எழவில்லை. பெயரளவு முன்னேற்றம் போதாது என்று 2017-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எண்ட்ரூ எஃப். என்ற மாணவரின் வழக்கில் சொன்னதையும் நினைவுபடுத்தினேன்.

வீட்டில் தமிழை நிறுத்தணுமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். வேண்டவே வேண்டாம் என்று பேச்சுப் பயிற்சியாளரே சொன்னார். அதைக் கேட்டு என் மாமியார் கண் கலங்கிவிட்டார்.

பள்ளிப் பேருந்தில் உதவியாளர் கேட்டது மட்டும் இன்னும் இழுபறி. மறுப்பதானால் அதையும் எழுத்தில் தரச் சொல்லியிருக்கிறேன்.