ஒரு ஆழாக்கு எத்தனை கிராம்? அவசரம் (கோலாலம்பூர்)

புதுக்குடித்தனம்: போன மாதம்தான் இங்கே வந்தோம். ஞாயிறு காலை வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து எட்டுப் பேர் இட்லி சாப்பிட வருகிறார்கள். மாமியார் எழுதிக் கொடுத்தது: "அரிசி நாலு ஆழாக்கு, உளுந்து ஒரு ஆழாக்கு." என்னிடம் எடை மெஷின் மட்டும்தான் இருக்கிறது. ஒரு ஆழாக்கு எத்தனை கிராம்? நாளைக் காலை ஊறப்போட வேண்டும்.

செந்தூல் அக்கா: ஏன்மா இந்தப் பாடு? நம்மவர் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில் அரைத்த மாவே கிடைக்கும். நான் வந்த புதிதில் அது யாருக்குத் தெரியும்? ஊரிலிருந்து தூக்கி வந்த மிக்ஸியின் பிளக் இங்கே சுவரில் நுழையவே இல்லை, இங்கே மூன்றும் சதுரக் கால். அடாப்டர் எங்கே விற்கும் என்றே தெரியாமல் ரொட்டி சானாயிலேயே (இந்த ஊர் பரோட்டா) காலத்தை ஓட்டினேன். அது கிடக்கட்டும், உன்னிடம் கிரைண்டர் இருக்கிறதா? பச்சரிசியா, புழுங்கலா?

சுபாங் தம்பி: ஒரு கப் 250 கிராம். ஆழாக்கும் அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு போடுங்க.

பினாங்கு மாமா: தம்பி, 250 என்பது மில்லி. மில்லியும் கிராமும் தண்ணீருக்குத்தான் ஒன்று, அரிசிக்கு நடுவில் காற்று இருக்கிறதே. என் பாட்டி சுப்பாக், காந்தாங் என்ற பழைய மலாய் அளவுக் கணக்கில்தான் அரிசி வாங்குவார். நாலு சுப்பாக் ஒரு காந்தாங். கடைக்காரர் தலைதட்டி அளந்தால் போச்சு, கோபுரமாகக் குவிக்கும் வரை பாட்டி நகர மாட்டார்.

புதுக்குடித்தனம்: புழுங்கல் அரிசிதான், ஐந்து கிலோ பை. கிரைண்டர் இல்லை, மிக்ஸி.

சுபாங் தம்பி: அளவை விடுங்க, வீடுதான் பெரிய தலைவலி. இரண்டு மாத டெபாசிட், தண்ணீர் கரண்டுக்கு இன்னும் அரை மாதம், முதல் மாத வாடகையும் கையோடு. இவ்வளவும் வாங்கிக்கொண்டு வீட்டு ஓனர் "சாம்பார் வாசம் திரையில் ஒட்டுகிறது" என்கிறார்.

செந்தூல் அக்கா: எங்கள் ஓனர் ஆணி அடிக்கக்கூட விடவில்லை. சாமி படம் இன்னும் தரையில்தான்.

கிள்ளான்காரி: பேச்சு எங்கேயோ போகிறது, அந்தப் பெண் காலையில் ஊறப்போட வேண்டும். எட்டு ஆழாக்கு ஒரு படி, ஆனால் படியே ஊருக்கு ஊர் வேறு. அதனால் ஆழாக்குக்குச் சரியான கிராமைத் தேடாதீர்கள். ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லி, நம் ஆழாக்குக்குக் கிட்டத்தட்ட சமம். தலைதட்டினால் அரிசி சுமார் 150 கிராம், முழு உளுந்தும் ஏறக்குறைய அதேதான். அப்படியென்றால் மாமியார் சொன்னது 600க்கு 150. எட்டு விருந்தாளி, வீட்டு ஆட்கள் வேறு, அது இழுபறி. 800 கிராம் அரிசி, 200 கிராம் உளுந்து போடுங்கள், விகிதம் கெடாது. இதே 150ஐ மாவுக்கோ ரவைக்கோ எடுக்காதீர்கள். அந்தக் கப்பில் அரிசி மாவு 120ஐ ஒட்டித்தான் வரும்.

பினாங்கு மாமா: மிக்ஸிக்கு உளுந்து கொஞ்சம் கூடவே வேண்டும்.

கிள்ளான்காரி: சரி, 220 போடட்டும். உளுந்தை ஐஸ் தண்ணீர் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அரையுங்கள், மிக்ஸி சூட்டில் மாவு பொங்காது. உப்புப் போட்டுக் கையால் கலந்து, பாத்திரத்தில் பாதி அளவே ஊற்றி, ஏசி இல்லாத இடத்தில் வையுங்கள். ராத்திரி பத்துக்கு வைத்தால் காலை ஆறுக்குப் பாருங்கள். பொங்கியிருந்தால் உடனே பிரிட்ஜில் வைத்துவிடுங்கள், இந்த ஊர் புழுக்கத்தில் சீக்கிரம் புளித்துவிடும்.