பிஎச்பி 5.6 மட்டும் தெரிந்தால் வேலை நிலைக்குமா?

கேள்வி (உப்புவெளி):
நிலாவெளிப் பக்க ஹோட்டல்களுக்கு அறைப் பதிவு மென்பொருள் செய்யும் சின்னக் கம்பனியில வேலை. எல்லாம் பிஎச்பி என்ற நிரல்மொழியின் 5.6 பதிப்பு, டேட்டாபேஸோட பேசுறது பழைய மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்களால. கோடு எனக்கு மட்டும்தான் விளங்கும், அதால வேலை போகாது என்று இருந்தேன். இப்ப எங்கட மென்பொருள் ஓடுற ஹோஸ்டிங் சேவையில 5.6ஐ நிறுத்தப் போறாங்களாம். பைதனுக்கு மாறவா, ஜாவாவுக்கா?

பதில் (உவர்மலை):
தம்பி, பிஎச்பிக்கு ஒன்றும் ஆகல்ல. 5.6க்குத்தான் பாதுகாப்புத் திருத்தம் 2018 டிசம்பரோட நின்றுபோச்சு. ஒராளுக்கு மட்டும் விளங்கும் கோட்டை நம்பி இருக்க வேணாம். திருத்துறதைவிட மாதக் கட்டணத்துக்கு வேற மென்பொருள் எடுக்கிறது மலிவு என்று முதலாளி கணக்குப் பார்த்தா, கோட்டோட சேர்ந்து வேலையும் போயிரும்.

அந்தக் கோட்டை பிஎச்பி 8.3 பதிப்புக்கு நீங்களே ஏற்றுங்க. முதல்ல 5.6ல இருந்தபடியே பழைய ஃபங்ஷன்களை பிடிஓவுக்கு (டேட்டாபேஸோட பேசுற புதிய வழி) மாற்றுங்க, 7.0ல அவற்றை அடியோட எடுத்துட்டாங்க. பிறகு 7.4, அதுக்குப் பிறகு 8.3. ஒரேயடியாப் பாய்ந்தா எந்தப் பிழை எதால வந்தது என்று பிடிக்கேலாது.

8ல பெரிய ஆபத்து, பிழைச் செய்தியே வராத இடம். அறையின் நிலை வெற்றுச் சரமா (எழுத்தே இல்லாத உரை) இருந்து, அதை இரட்டைச் சமக்குறியால (==) பூச்சியத்தோட ஒப்பிட்டா, 7.4 வரைக்கும் 'சமம்'. 8ல 'சமமில்லை'. காலியான அறை பட்டியல்ல வராமலே போகும். அப்படி ஒப்பிடும் வரிகளை ஒவ்வொன்றாத் தேடிப் பாருங்க.

பதில் (அன்புவழிபுரம்):
டேட்டாபேஸ்ல பெயர்கள் தமிழ்ல இருந்தா இன்னொன்று. பழைய இணைப்பு பெரும்பாலும் லத்தீன்1, தமிழ் எழுத்து இல்லாத பழைய குறியாக்கம். தமிழுக்கான யூடிஎஃப்8 பைட்டுகள் டேபிளின் அந்த நெடுவரிசைக்குள்ள அப்படியே கிடக்கும். பிடிஓவில யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்கியூஎல்ல முழு யூடிஎஃப்8) போட்ட உடனே தமிழ் எல்லாம் கிறுக்கலாத் தெரியும். நேரடியா நெடுவரிசையின் எழுத்துக் குறியாக்கத்தை மாற்றினா இரட்டைக் குறியாக்கம் ஆகிரும். முதல்ல நெடுவரிசையை பிளொப் (வெறும் பைட்டுகளா வைக்கும் வகை) ஆக்குங்க, பிறகு யூடிஎஃப்8எம்பி4 டெக்ஸ்ட் ஆக்குங்க. பக்கப் எடுத்து, நகலில செய்து பார்த்த பிறகுதான் உண்மையானதில.

கேட்டவர்:
நன்றி அண்ணா. எப்ப மாற்றுறது நல்லது? ஜாவா படிக்கவே வேணாமா?

பதில் (உவர்மலை):
மே தொடக்கம் செப்டம்பர் வரைக்கும் சீசன், அதுக்குள்ள கை வைக்க வேணாம். நவம்பர் மழையில அறைகள் காலி, அப்ப மாற்றுங்க. ஜாவா பிறகு படிக்கலாம். கொழும்பில வங்கி, காப்புறுதி வேலைக்குப் போற எண்ணம் இருந்தா கட்டாயம் வேணும். இப்போதைக்கு கிட் (கோட்டின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி), லாரவெல் (பிஎச்பி கட்டமைப்பு), தானியங்கிச் சோதனை மூன்றையும் இதே மாற்றத்துக்குள்ள பழகுங்க. முதல் சோதனையை அந்தக் காலி அறைப் பட்டியலுக்கே எழுதுங்க.