மனு எங்கே போகிறது? நகராட்சி அலுவலகத்தில் நாம் கண்டவை – அனுபவப் பகிர்வு

தொடங்கியவர்: ஓய்வுபெற்ற ஆசிரியர், டெல்டா பகுதியின் ஒரு நகராட்சி

அனைவருக்கும் வணக்கம். நகர்மன்றத்தின் அன்றாட வேலைகளை அருகில் நின்று பார்க்கும் வாய்ப்பு எனக்கு அறுபது வயதைக் கடந்த பிறகே கிடைத்தது. அதை இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊரில் நீங்கள் நேரில் கண்டதையும் எழுதுங்கள்.

2023 ஐப்பசி மாதம் எங்கள் தெருக் குழாய்களில் வந்த தண்ணீர் நாறத் தொடங்கியது. எங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், விடியற்காலையில் ஒன்றரை மணி நேரம் தண்ணீர் வரும். முதல் பத்து நிமிடம் கலங்கலாக வந்து பிறகு தெளிந்துவிடும் என்பதால் பலரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வீட்டுக் குழந்தைகள் வயிற்றுப்போக்கால் மருத்துவமனைக்குப் போன பிறகுதான் பதினொரு பேரிடம் கையெழுத்து வாங்கி, "எங்கள் தெருவில் குடிநீர் மிகவும் மோசமாக உள்ளது, ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று மனு எழுதித் தபால் பிரிவில் கொடுத்தேன். முத்திரையும் எண்ணும் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை.

எங்கள் பகுதிக்குத் தண்ணீர் திறந்துவிடும் பிட்டரிடம் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை; என் மனுவில் என்ன குறை என்பதைப் பொறுமையாக விளக்கினார். நாற்றம் எந்த வீட்டில் தொடங்குகிறது, தண்ணீர் வந்து எத்தனை நிமிடம் வரை நீடிக்கிறது, இணைப்புக் குழாய் எங்கே சாக்கடையைக் கடக்கிறது ஆகிய மூன்றும் அதில் இல்லை, அவை தெரியாமல் தெரு முழுவதையும் தோண்ட முடியாது என்றார். மறுமுறை தண்ணீர் வரும் நாளில் ஐந்தரை மணிக்கே வருவதாகச் சொல்லி, சொன்னபடி வந்தார்.

வீடு வீடாகச் சிறிய கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பிடித்து, அதில் சில சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாக மாறும்; தெருவின் கடைக்கோடியிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்றார். முதல் ஆறு வீடுகளில் நல்ல மஞ்சள் வந்தது. ஏழாவது வீட்டில் நிறமே மாறவில்லை. அந்த வீட்டின் இரும்புக் குழாய் சாக்கடைக்குள்ளேயே நான்கடி தூரம் ஓடியது; துடைத்துப் பார்த்தபோது, துருப்பிடித்த இடத்தில் மிளகு அளவு ஓட்டை இருந்தது. தண்ணீர் வரும்போது அழுத்தத்தால் அந்த ஓட்டை வழியாக வெளியே கசியும். நிறுத்திய பிறகு காலியாகும் குழாய் சுற்றியுள்ள சாக்கடை நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதுதான் அடுத்த முறை முதல் பத்து நிமிடம் எல்லோர் குடத்திலும் விழுந்திருக்கிறது.

வீட்டு எண், நேரம், இடம் எல்லாவற்றையும் குறிப்பிட்டு இரண்டாவது மனு கொடுத்தேன். நான்காம் நாள் அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். ஆனால் அதே போலச் சாக்கடைக்குள் ஓடும் மற்ற பதினான்கு இணைப்புகளையும் வெளியே மாற்றுவதற்குச் செலவு மதிப்பீடு தயாரித்து மன்றத்தின் அனுமதி பெற வேண்டும் என்றார்கள். அதற்காகத்தான் வாழ்க்கையில் முதன்முறையாக நகர்மன்றக் கூட்டத்திற்குப் போய்ப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தேன். கூட்ட நிரலில் இருந்த முதல் பொருளின் மீதான விவாதம் ஒரு மணி நேரம் நீண்டது. எங்கள் தெருவின் பொருள் 37ஆவது. அலுவலர் எண்ணைப் படித்தார், "மன்றம் அனுமதிக்கலாம்" என்ற அலுவலகக் குறிப்பைப் படித்தார், உறுப்பினர்கள் ஆமோதித்தார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இவ்வளவு விரைவாக முடிவாகும் ஒன்றுக்கு ஏன் நான்கு மாதம் ஆயிற்று என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.

பதில்: நகர்மன்ற உறுப்பினர், மேற்கு மாவட்டம்

ஐயா கண்ட அந்த ஒரு நிமிடத்திற்கு முந்தைய நான்கு மாதங்களைப் பற்றி நான் எழுதுகிறேன். 2022 பிப்ரவரி தேர்தலில், பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட வார்டிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டேன். 2016 அக்டோபரிலிருந்து ஐந்தாண்டுகளுக்கு மேல் தமிழ்நாட்டு நகராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. தனி அலுவலர்களே நடத்தினார்கள். எனவே என்னைப் போல் புதிதாக வந்தவர்களுக்கு நடைமுறை சொல்லித்தர மூத்தவர்கள் சிலரே இருந்தார்கள்.

முதல் மூன்று கூட்டங்களிலும் எழுந்து நின்று வார்டின் குறைகளை உணர்ச்சியோடு பேசினேன். தலைவரும் கேட்டுக்கொண்டார். ஆனால் நடவடிக்கைக் குறிப்பில் என் பேச்சிலிருந்து ஒரு வேலைகூடத் தீர்மானமாக மாறியிருக்கவில்லை. பழைய உறுப்பினர் ஒருவர்தான், "அம்மா, அஜெண்டாவில் ஏறாத எதுவும் இங்கே தீர்மானம் ஆகாது, கூட்டத்துக்கு முன்னாலேயே பொறியியல் பிரிவில் மதிப்பீடு போட வையுங்கள்" என்றார். அதன் பிறகு கற்றுக்கொண்டேன். பணி மேற்பார்வையாளர் இடத்தை அளக்க வேண்டும். மதிப்பீட்டுக்குத் தொழில்நுட்ப அனுமதி கிடைக்க வேண்டும். செலவு பொது நிதியிலா, குடிநீர் மற்றும் வடிகால் நிதியிலா, நிதிக்குழு மானியத்திலா என்பது முடிவாக வேண்டும். ஒரு நிதிக்கு உரிய பணத்தை இன்னொன்றுக்கு எடுத்துச் செலவிட முடியாது. பெரும்பாலான கோரிக்கைகள் நிற்கும் இடம் இதுதான். அலட்சியத்தால் நிற்பவையும் உண்டு, அவற்றை நான் மறைக்க விரும்பவில்லை. மன்றம் அனுமதித்த பிறகு ஒப்பந்தப்புள்ளி, வேலை உத்தரவு, முடிந்ததும் அளவுப் புத்தகத்தில் பதிவு, அதன் பிறகே ஒப்பந்ததாரருக்குப் பட்டியல் (பில்) தொகை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் நான் எந்தப் பிரிவுக்குப் போனாலும் "சார் வரவில்லையா?" என்று கேட்டார்கள். என் கணவர் அந்த அலுவலகப் படியை மிதித்ததே இல்லை. ஆறு மாதம் ஒவ்வொரு முறையும் நானே நேரில் போய், நானே கோப்பைப் படித்து, நானே கையெழுத்திட்ட பிறகுதான் அந்தக் கேள்வி நின்றது. மாநிலம் முழுவதும் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று சட்டம் சொல்கிறது. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்து பேசுகிறார் என்பதை வார்டு மக்கள் தயவுசெய்து கவனியுங்கள்.

பதில்: பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்

தண்ணீருக்கும் சாலைக்கும் அடுத்தபடியாக மக்கள் நகராட்சிக்கு வருவது சான்றிதழுக்குத்தான். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பையும் இறப்பையும் 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். பலர் அறியாத செய்தி, பதிவு செய்தால் மட்டும் போதாது, குழந்தையின் பெயரையும் ஏற்ற வேண்டும் என்பது. ஓராண்டுக்குள் ஏற்றினால் கட்டணம் இல்லை. அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் ஏற்றலாம். ஜூன் மாதம் பள்ளிச் சேர்க்கைக்கு வெறும் "ஆண் குழந்தை" என்று இருக்கும் சான்றிதழோடு பெற்றோர் ஓடி வருவதை ஆண்டுதோறும் பார்த்தேன்.

ஒருநாள் ஓர் அம்மையார், வெளிநாட்டிலுள்ள மகனிடம் போவதற்காகத் தம் பிறப்புச் சான்று கேட்டு வந்தார். தேதி தெரியாது. "ஆடிப்பெருக்குக்கு மறுநாள் பிறந்தேன், அந்த வருஷம் ஐப்பசி கார்த்திகையில் பெரிய புயல் வந்து வெள்ளம் புகுந்ததாம்" என்று தம் தாயார் சொன்னதை மட்டும் சொன்னார். புயலும் வெள்ளமும் வந்தது 1977 நவம்பர் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஆண்டின் ஆகஸ்ட் பதிவேட்டை எடுத்து, ஓரம் பொடிந்துபோன தாள்களை ஒவ்வொன்றாக விரலால் தாங்கிப் புரட்டினோம். பதினாறாம் தேதிப் பதிவில் அவருடைய தந்தையின் பெயரும் தெருவும் இருந்தன. அதில் குழந்தைக்குப் பெயர் இல்லை. 15 ஆண்டுகள் எப்போதோ கடந்துவிட்டன. பெயரில்லாத சான்றைத்தான் கொடுக்க முடிந்தது. மற்ற ஆவணங்களை இணைத்துக்கொண்டு அவர் தூதரகத்துக்கு விண்ணப்பித்தார். தாயாரின் பெயரைப் படித்துக் காட்டியபோது அவர் கண் கலங்கியதை நான் மறக்கவில்லை.

பதில்: சொத்து வரி பற்றி ஒரு சிறு குறிப்பு

2022இல் வரி உயர்ந்தபோது, எங்கள் நகராட்சியில் 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புக்கு 25 சதவீதமும், 601 முதல் 1200 வரை 50 சதவீதமும் உயர்வு என்று அறிவித்தார்கள். என் வீடு 580 சதுர அடி. வரி கட்டச் சொல்லி வந்த கேட்பு அறிவிப்பில் 50 சதவீதம் உயர்ந்திருந்தது. மொட்டைமாடிக் கொட்டகையையும் சேர்த்து அளந்திருக்கிறார்கள். வரைபடத்தின் நகலோடு ஆட்சேபணை கொடுத்தேன். வருவாய் உதவியாளர் நாடாவோடு வந்து மறுபடி அளந்து திருத்தினார். அறிவிப்பு வந்ததும் அதிலுள்ள பரப்பளவைப் பாருங்கள். தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கட்டிவிடாதீர்கள்.

தொடங்கியவர்: மீண்டும்

உறுப்பினர் அம்மா எழுதியதைப் படித்த பிறகு, பொறியியல் பிரிவில் எங்கள் கோப்பைக் கேட்டேன். அவர் சொன்ன வரிசைப்படியே ஒவ்வொரு தேதியும் இருந்தது. மூன்று மாதம் நிதி ஒதுக்கீட்டுக்காகவே காத்திருந்திருக்கிறது. பதினான்கில் பன்னிரண்டு இணைப்புகளை மாற்றி முடித்துவிட்டார்கள். மீதி இரண்டு வீட்டுக்காரர்கள் வாசல் தரையை உடைக்கச் சம்மதிக்கவில்லை. அவர்களிடம் நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். நேற்று விடியற்காலையில் பிட்டர் மறுபடியும் அந்தக் கண்ணாடிக் குழாயோடு வந்தார். கடைசி வீட்டில் பிடித்த தண்ணீர் மஞ்சளாக மாறியது. கொஞ்சம் வெளிறிய மஞ்சள்தான். அடுத்த மாதமும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.