மறு: படியெடுக்கையில் பிறந்த பெயருக்கு ஒரு சொல் (பூடிக்கா / போடிசியா)

நண்பர்களுக்கு வணக்கம்.

படியெடுப்பவர் கைப்பிழையால் பிறந்த பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு ஐயா முன்வைத்த ‘பேய்ச்சொல்’ எனக்கு ஒட்டவில்லை. பேய்ச்சொல் என்றால் அகராதியில் மட்டும் குந்தியிருப்பது, யார் வாயிலும் வராதது. போடிசியா அப்படியில்லை. கி.பி. 60-61இல் பிரிட்டனில் உரோமரை எதிர்த்துக் கிளம்பிய ஐசீனி என்ற இனத்து மக்களின் அரசி பூடிக்காவை ஆங்கிலேயர் நூற்றாண்டுக் கணக்கில் அந்தப் பெயரால்தான் அழைத்தார்கள். 1902இல் லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தருகே வைத்த சிலையின் பீடத்தில்கூட போடிசியாதான் முன்னால், பூடிக்கா அடைப்புக்குறிக்குள்.

பெயர் பிறந்த விதம்தான் வேடிக்கை. உரோம வரலாற்றாசிரியர் டாசிடஸின் லத்தீன் நூலைப் படியெடுத்தவர்கள் கையில் பூடிக்காவின் (Boudicca) ‘யூ’ (u) எழுத்து ‘ஏ’ (a) ஆனது. இரண்டு ‘சி’யில் (c) பின்னது ‘ஈ’ (e) ஆனது; போடிசியா (Boadicea) பிறந்தாள். சின்ன ‘சி’யின் வாயில் ஒரு கோடு விழுந்தால் ‘ஈ’தானே! எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான். கூடவே பொருளும் போயிற்று. மூலப்பெயர் ‘வெற்றி’ என்னும் கெல்டிக் சொல்லின் வழி வந்தது. ஐரிஷில் இன்றும் வெற்றிக்கு ‘பூவா’. வேல்ஸ்காரர்களுக்கு இந்த அரசி ‘பிதிக்’, அதே வேர்தான்.

முதலில் ‘படிப்பிழைப் பெயர்’ என்று எழுதிப் பார்த்தேன். “அதென்ன படிப்பு இழை?” என்று வீட்டில் கேட்டார்கள். சரி, வேண்டாம். ‘ஏட்டுப்பிழைப் பெயர்’ எப்படி? தோலில் எழுதிய அந்த லத்தீன் படிகளை ஏடு எனலாமா என்பீர்கள். நாளேட்டை என்ன, ஓலையிலா அச்சடிக்கிறார்கள்?

——

ஐயா,

‘ஏட்டுப்பிழைப் பெயர்’ எனக்குச் சம்மதம். ‘ஏட்டுப்பெயர்’ என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள், அப்புறம் ஏட்டுச் சுரைக்காய் கதையாகிவிடும்.

மூலப்பெயரில் ஒரு ‘சி’யா (Boudica), இரண்டு ‘சி’யா (Boudicca) என்ற சண்டை பற்றி ஒரு வார்த்தை. டாசிடஸ் வழி வரும் வடிவத்தில் இரண்டு. கெல்டிக் அறிஞர் கென்னத் ஜாக்சன் ஒன்றுதான் சரி என்றார். தமிழில் இந்தச் சண்டைக்கே இடமில்லை. ஒற்றைக் ககரம் போட்டால் ஒலி மெலிந்து ‘அகம்’ என்பதில் வருவது போலாகிவிடும். ஆகவே இரண்டு வடிவத்துக்கும் ‘பூடிக்கா’ என்றே எழுதியாக வேண்டும்.

ஆனால் பிரான்சின் போர்தோ நகரில் 1921இல் கிடைத்த, கி.பி. 237ஆம் ஆண்டுப் பலிபீடம் ஒன்று உண்டு. பிரிட்டனின் யார்க்கிலிருந்து போன ஒருவர் ஒரு பெண் தெய்வத்துக்கு எடுத்தது. அதில் தெய்வத்தின் பெயரில் (Boudiga) இருப்பதே மெல்லொலிதான். ‘பூடிகா’வை அவளுக்கு விட்டுவைப்போம்.